கரண்ட் பில்லிலிருந்து தொடங்கு, கயல்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய பாடத்திட்டத்தை நானும் அம்மாவும் சேர்ந்து படித்தோம். பொறியியல், பொருளியல், சட்டம், சமூகப் பணி என்று வெவ்வேறு துறைப் பிள்ளைகளை மெல்பர்னில் ஒரே வகுப்பில் உட்காரவைத்து, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி பற்றிச் சொல்லித் தரப் போகிறாய். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. முதல் மூன்று வாரம் பொறியியல், அடுத்த மூன்று வாரம் பொருளியல், அப்புறம் சட்டம் என்று பிரித்திருக்கிறாய். அப்படிச் செய்தால் அவரவர் துறை வரும்போது பேசுவார்கள், மற்ற நேரம் வேடிக்கை பார்ப்பார்கள். முதல் நாளே எல்லாருக்கும் பொதுவாக ஒரு கணக்கைக் கொடு.

நம் வீட்டு பில்லையே எடுத்துக்கொள். சிங்கப்பூர் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் தயாராகிறது. யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.4 கிலோ கரியமில வாயு. 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய கரிம வரி, 2024இல் 25 ஆனது; 2026க்கு 45 வெள்ளி. 25 வெள்ளி என்றால் யூனிட்டுக்கு ஒரு காசு விழும். மாதம் 400 யூனிட் போகும் வீட்டுக்கு 4 வெள்ளி.

இந்த நாலு வெள்ளியைச் சுற்றி ஒரு மாதம் பாடம் நடத்தலாம். அந்த 0.4 கிலோ எப்படி வந்தது என்று பொறியியல் பிள்ளை விளக்கட்டும். வரியைக் கட்டுவது நாமில்லை, ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் வெளியிடும் ஆலைகள். அப்படியிருக்க அது நம் பில்லில் எப்படி ஏறுகிறது? பில்லுக்கு அரசாங்கம் தரும் யூ-சேவ் தள்ளுபடி கிடைத்தாலும், ஓரறை வாடகை வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்கு அந்த நாலு வெள்ளி என்ன செய்யும்? இதற்கெல்லாம் ஒரு துறை மட்டும் பதில் சொல்லிவிட முடியாது.

நான் மின்நிலையக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவன். அதனால் மேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் மேகம் கூடினால் சூரியத் தகடுகளின் உற்பத்தி சில நிமிடங்களில் சரியும். அந்தக் குறையை உடனே எரிவாயு டர்பைன் ஈடுகட்ட வேண்டும், இல்லையென்றால் பேட்டரி. அதற்குத்தான் ஜூரோங் தீவில் 285 மெகாவாட்-மணி சேமிப்பு அமைத்து, 2023இல் திறந்தார்கள். வெயில் அடிக்கும்போது சும்மா காத்திருக்கும் டர்பைனுக்கு யார் காசு கொடுப்பது? இது பொறியியல் கேள்வியா, பொருளியல் கேள்வியா என்று உன் பிள்ளைகள் வாதாட வேண்டும். நிலமில்லாத ஊர் என்பதால் தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021இல் 1,22,000 தகடுகளை மிதக்கவிட்டார்கள். உயிரியல் படிப்பவர்கள் இருந்தால், கீழே உள்ள நீருக்கும் மீனுக்கும் என்ன ஆகும் என்று அவர்கள் கேட்கட்டும்.

மதிப்பெண்ணையும் யோசித்துப் பார். ஆளுக்கொரு பக்கம் எழுதி ஒட்டித் தந்தால் ஏற்றுக்கொள்ளாதே. சட்டம் படிக்கும் பிள்ளை டர்பைனை விளக்க வேண்டும், பொறியியல் பிள்ளை பாட்டிக்குப் பதில் சொல்ல வேண்டும். கஷ்டம்தான். ஆனாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

அம்மா பழைய பில்களை எல்லாம் கோப்பில் வைத்திருக்கிறாள். பெயர், முகவரியை மறைத்து 2019, 2024 இரண்டையும் ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். ஆனால் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட விடாதே. இடையில் எரிவாயு விலையும் மாறியிருக்கிறது. அதை முதலில் பிரித்தெடுக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா