பெட்டி கட்டுமுன் இதைப் படி, பாப்பா

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சம்பா அறுப்பு முடிந்தது, வயலில் உளுந்து பூவெடுத்திருக்கிறது. மார்ச் கடைசியில் நீ மன்னார்குடிக்கே வந்துவிடுகிறாய் என்பதை அப்பாயிக்குத் தினம் ஒரு தரம் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒசாகாவில் இத்தனை வருஷமும் உன் சம்பளத்தில் மாதாமாதம் பென்ஷனுக்குப் பிடித்தார்கள் அல்லவா? ஆறு மாதமாவது கட்டிய வெளிநாட்டவர், நாட்டை விட்டுக் கிளம்பிய பிறகு அதில் ஒரு பகுதியை மொத்தமாகக் கேட்டு வாங்கலாம். தத்தாய் இச்சிஜிகின் என்று உன் ஆபீசில் சொல்லியிருப்பார்கள். கிளம்பி 2 வருஷத்துக்குள் கேட்க வேண்டும். தாண்டினால் போனதுதான். ஆனால் கேட்பதற்கு முன் ஒன்றை யோசி. அதை வாங்கிவிட்டால் நீ கட்டிய வருஷங்கள் பென்ஷன் கணக்கில் நிற்காது. 2016 அக்டோபரிலிருந்து இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. இரண்டு நாட்டிலும் கட்டிய காலத்தைச் சேர்த்துப் பார்க்க அதில் வழி உண்டு. திரும்பவும் அங்கே போகும் எண்ணம் இருந்தால் அவசரப்படாதே. இல்லையென்றால் வாங்கிவிடு என்பதுதான் என் அபிப்பிராயம்.

கம்பெனி வழியாகக் கட்டிய பென்ஷன் என்பதால், அந்தத் தொகையில் 20.42 சதவீதம் வருமான வரியாகப் பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். 10 லட்சம் யென் என்றால் 2,04,200 யென். பலர் இதைப் போன பணம் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. ராத்திரி ஷிப்ட் பார்த்துச் சம்பாதித்தது அல்லவா? அதையும் திருப்பிக் கேட்கலாம், அதற்கு 5 வருஷம் அவகாசம். ஆனால் நீ இங்கிருந்து கேட்க முடியாது. உன் சார்பில் அங்கே குடியிருக்கும் ஒருவர் வரி அலுவலகத்தில் மனு போட வேண்டும். அவர்தான் நோசெய் கன்ரினின். கிளம்புமுன் அவர் பெயரை வரி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடு. பணம் அவருடைய ஜப்பான் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஆகவே ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடு. கமிஷனுக்குச் செய்து தருபவர்களும் உண்டு. உன்னோடு அறையில் இருக்கும் அந்தத் திருச்சிப் பெண் இன்னும் சில வருஷம் இருப்பாள் என்றாயே, அவளைக் கேட்டுப் பார். பென்ஷன் பணம் வந்ததும் தபாலில் வரும் முடிவுக் கடிதத்தின் அசலை அவளுக்கு அனுப்ப வேண்டும். அதைத் தொலைத்துவிடாதே.

இன்னொன்று. எங்களுக்கு நீ அனுப்பிய பணத்துக்கும் வரியில் கழிவு உண்டு. 2023 முதல், 30 வயதிலிருந்து 69 வரை உள்ளவர்களுக்குப் பொதுவாக ஆளுக்கு வருஷத்துக்கு 3,80,000 யென் அனுப்பியிருந்தால்தான் அது கிடைக்கும். அப்பாயி 70 தாண்டியதால் அந்தக் கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனால் அவரவர் பெயருக்கே போயிருக்க வேண்டும். என் கணக்குக்கு வந்தது எனக்கு மட்டும்தான் செல்லும். அப்பாயியின் கண் ஆபரேஷனுக்கு அவர் கணக்கிலேயே போட்டாய், அந்த ரசீது இருக்கிறதா பார். விட்டுப்போன வருஷங்களுக்கும் 5 வருஷம் வரை திருப்பிக் கேட்கலாம். உறவுக்கு ஆதாரமாக உன் பிறப்புச் சான்றிதழும் என்னுடையதும் எடுத்து வைத்திருக்கிறேன். நகல் அனுப்பட்டுமா? ஜப்பானிய மொழிபெயர்ப்பும் சேர்க்க வேண்டும்.

ஜனவரி 1 அன்று நீ அங்கே குடியிருந்ததால், போன வருஷச் சம்பளத்துக்கான குடியிருப்பு வரி பாக்கி நிற்கும். ஜூனில்தான் கேட்பார்கள் என்று விட்டுவிடாதே. அதைக் கட்ட வேண்டிய பணத்தை அந்தத் திருச்சிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டே விமானம் ஏறு. நமக்கு வரவேண்டியதைக் கேட்கிறோம், கொடுக்கவேண்டியதையும் கொடுத்துவிட வேண்டும்.

கிளம்புமுன் அங்கே நகராட்சியில் முகவரி மாற்றம் எழுதிக் கொடு. சம்பள வரிச் சான்று, பென்ஷன் எண் உள்ள தாள், பாஸ்போர்ட் நகல் மூன்றையும் பெட்டியில் போடாதே, கைப்பையில் வை. இங்கே உன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கின் விவரத்தை நாளை கிளைக்குப் போய் வாங்கி அனுப்புகிறேன்.

அம்மா உனக்கு என்ன வடகம் போடட்டும் என்று கேட்கிறாள். அதற்கும் பதில் எழுது.

அன்புடன்,
அப்பா