லாவோ ட்ஸுவுக்குத் தொப்பை கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீனாவின் தாவோ மரபு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆர்வத்தில், இரண்டாம் முறை கோபத்தில். 'தாவோ மதமல்ல, தூய தத்துவம். கோவிலும் ஊதுபத்தியும் பிற்காலக் கலப்படம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். கலப்படமாம்! மிளகாய்த்தூளில் செங்கல்பொடி கலந்த மாதிரி.

சிங்கப்பூர் தோ பாயோவில் அடுக்குமாடி வீட்டில் பத்தொன்பது வருஷம் இருந்தவன் நான். எதிர்வீட்டு ஹொக்கியன் சீன ஆண்ட்டியின் வாசலில், சிவப்புத் தாள் ஒட்டிய மைலோ டப்பாவில் சாம்பல் நிரப்பி மூன்று ஊதுபத்தி நிற்கும். நான் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அவர் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பார். சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் வானக் கடவுளுக்குப் பிறந்தநாள் என்று முழுக் கரும்பு வைத்துப் படைப்பார். மறுநாள் அதில் பாதி எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு. லாவோ ட்ஸு எழுதியதாகச் சொல்லப்படும் 'தாவோ தே ஜிங்' என்று ஒரு மூலநூல் இருப்பதே அவருக்குத் தெரியாது.

மனைவி இறந்தபோது தாவோ ஞானி சுவாங் ட்ஸு பானையைத் தட்டிப் பாடிய கதையைக் கட்டுரையாளர் உருகி உருகி எழுதியிருக்கிறார். சரி, நல்ல கதைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஆண்ட்டியின் வீட்டுக்காரர் போனபோது யாரும் பானை தட்டவில்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் அங்கி போட்ட தாவோ பூசாரி மணியடித்து ராத்திரி வெகுநேரம் மந்திரம் சொன்னார். தாளில் செய்த வீட்டைக் கொளுத்திவிட்டு, "இனி அவருக்கு அங்கே வாடகைத் தொல்லை இல்லை" என்றார் ஆண்ட்டி. அவரிடம் போய் 'நீங்கள் செய்வது கலப்படம்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. கட்டுரையாளருக்கு வரும் போலிருக்கிறது.

தங்களுக்குத் தெரியாததல்ல. கி.பி. 142இல் சிச்சுவானில் ஜாங் தாவோலிங் தொடங்கிய மரபில் அடியார்கள் அரிசியைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். அதே கூட்டத்தில் லாவோ ட்ஸுவின் நூலையும் ஓதினார்கள். தத்துவத்துக்குத் தாவோ ஜியா, சமயத்துக்குத் தாவோ ஜியாவ் என்று சீனத்தில் இரண்டு சொல் உண்டுதான், மறுக்கவில்லை. அதற்காக ஒன்றை அலமாரியிலும் இன்னொன்றைக் குப்பையிலும் போடுவதா? 19ஆம் நூற்றாண்டு வெள்ளைக்காரப் பாதிரிகள் செய்த வேலை அது. சீன அரசு அங்கீகரித்த ஐந்து மதங்களில் தாவோவும் ஒன்று. சிங்கப்பூரின் 2020 கணக்கெடுப்பில், 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 8.8 சதவீதம் பேர் தங்கள் மதம் என்று சொன்னதும் இதைத்தான். தத்துவ வகுப்பில் சேர்ந்திருக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை.

ஜென் பற்றி நீங்கள் வெளியிட்டபோதும் இதே கதைதான். இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அதை நான்கு வரியாக்கி, கோபத்தை எடுத்துவிட்டுப் பாராட்டை மட்டும் போட்டீர்கள். என் வீட்டிலேயே சிரித்தார்கள். இந்தக் கட்டுரையிலோ லாவோ ட்ஸு, லாட்சு, லாவோசி என்று ஒரே மனிதருக்கு மூன்று பெயர். மெய்ப்புப் பார்ப்பவர் தாவோவின் செயலின்மைத் தத்துவத்தைக் கடைப்பிடிக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கேட்பது ஒன்றுதான். 'லாவோ ட்ஸு' என்று போட்டிருக்கும் படத்தில் தொப்பையும் துணிமூட்டையுமாகச் சிரிப்பவர் புதாய் என்ற பௌத்தத் துறவி. லாவோ ட்ஸு வெள்ளைத் தாடியோடு எருது மேல் போகிறவர். ஆண்ட்டி வீட்டு மாடத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள், அவர் ஒருநாளும் மாற்றிக் கும்பிட்டதில்லை. அடுத்த இதழில் படத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள், சின்ன எழுத்தானாலும் சரி. இந்தக் கடிதத்தையும் வெட்டுவதாக இருந்தால், இந்தப் பத்தியையாவது விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
மன்னார்குடி