ஒருநாள் விட்டு ஒருநாள் காலேஜ் வேண்டாம்ங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

கொரோனாவால மூடிக் கெடந்த காலேஜ் எல்லாம் இந்த 2021 செப்டம்பர் 1ல இருந்து திறக்குதுன்னு கவர்மென்ட் சொன்னதுல எங்க ஊட்டுல எல்லாருக்கும் சந்தோசம்தான். என் பேத்தி கோயமுத்தூர்ல பிஎஸ்சி கெமிஸ்ட்ரி செகண்ட் இயர் படிக்கறா, 2020ல சேர்ந்த செட்டு. இந்தப் பிள்ளைங்க காலேஜ்னு பார்த்ததே பிப்ரவரி 8ல திறந்து மார்ச் கடைசியில மறுபடி ஆன்லைனுக்குப் போனாங்களே, அந்த கொஞ்ச நாள்தான். மத்ததெல்லாம் போன்லதான். கவர்மென்ட்டு குடுத்த தினம் 2 ஜிபி டேட்டா கார்டும் வந்துச்சு, முடிஞ்சும் போச்சு. வீடியோ பார்த்து ரெக்கார்ட் நோட்டு மட்டும் அழகா எழுதி வெச்சிருக்கா. பியூரெட்னு அளவு போட்ட கண்ணாடிக் குழாய் இருக்குதே, அதைத் திருகி ஒரு சொட்டு விடறது எப்படின்னு கேட்டா தெரியாது. நான் ஒரு காலேஜ் கெமிஸ்ட்ரி லேப்ல அசிஸ்டென்டா இருந்து ரிட்டயர் ஆனவன், அதனால எனக்கு இது கொஞ்சம் அதிகமாவே வலிக்குதுங்க.

இப்ப அவங்க காலேஜ்ல இருந்து வாட்ஸ்அப்ல ஒரு சர்க்குலர் வந்திருக்குது. ரோல் நம்பர் ஒத்தைப்படையா இருந்தா திங்கள் புதன் வெள்ளி, ரெட்டைப்படையா இருந்தா செவ்வாய் வியாழன் சனி. கேட்ல தெர்மல் ஸ்கேனர், பெஞ்சுக்கு ரெண்டு பேரு, வாரம் ரெண்டு தடவை மருந்து அடிப்பாங்களாம், வாத்தியார்மார் எல்லாரும் ஊசி போட்டாச்சாம். நல்லதுங்க. ஆனா இந்த ஒருநாள் விட்டு ஒருநாள்ங்கற கணக்கை யாரு போட்டாங்கன்னு தெரியலை, அது எனக்குக் கொஞ்சமும் ஒத்துவரலைங்க. அதைப் பத்தி எழுதத்தான் இந்தக் கடிதாசி.

முதல்ல நோய்க் கணக்கையே பாருங்க. இந்தக் கிருமி ஒருத்தருக்கு ஒட்டினா அன்னைக்கே அடுத்தவங்களுக்குப் பரவாது, உள்ள பெருகி வெளிய வரதுக்கு ஏறக்குறைய மூணு நாள் எடுத்துக்கும். இதை வெச்சுத்தான் இஸ்ரேல்ல வைஸ்மன் இன்ஸ்டிடியூட்ல யூரி அலோன்னு ஒரு பேராசிரியரும் அவர் கூட இருந்தவங்களும் 2020லயே ஒரு யோசனை சொன்னாங்க, நாலு நாள் வேலைக்கு வா, அப்புறம் பத்து நாள் ஊட்டுல இரு, மறுபடி நாலு நாள் வான்னு. வேலை செய்யற எடத்துல ஒட்டியிருந்தாலும் அது பரவற நேரத்துல ஆளு ஊட்டுல இருப்பான், காய்ச்சல் வந்தா அங்கயே தெரிஞ்சு போயிரும். இப்ப நம்ம சர்க்குலரை இதோட ஒட்டிப் பாருங்க. திங்கக்கிழமை ஒரு பையனுக்கு ஒட்டுச்சுன்னா வியாழக்கிழமை வாக்குல அவன் பரப்ப ஆரம்பிச்சிருவான், வெள்ளிக்கிழமை நல்லா கூட்டமா இருக்கற கிளாசுக்கே வந்து உக்காருவான். சரியா பரவற நாள் பார்த்து வரச் சொன்ன மாதிரியில்ல இருக்குது. இப்பப் பரவற டெல்டா வகைக் கிருமி இன்னும் வேகம்ங்கறாங்க, அப்படின்னா நாலு நாளை மூணு நாளாக்கிக்கட்டும், ஆனா சேர்ந்தாப்புல வரட்டும், சேர்ந்தாப்புல போகட்டும்.

அடுத்தது பஸ்ஸு. சோமனூர், கருமத்தம்பட்டி பக்கத்துப் பிள்ளைங்க நீலாம்பூர், ஹோப் காலேஜ் ஸ்டாப்பு வழியா பீளமேடு, காந்திபுரம் போகணும். பாசஞ்சர் ரயில் இன்னும் முன்ன மாதிரி ஓடலை. மே மாசத்துல இருந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைன்னு ஆச்சு, அது ரொம்ப நல்ல காரியம், அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனா மில்லுக்குப் போறவங்க, கடைக்குப் போறவங்க, காலேஜ் பிள்ளைங்க எல்லாரும் அதே எட்டு மணி பஸ்ஸுலதான் ஏறுவாங்க. படிக்கட்டு வரைக்கும் நின்னுகிட்டு வர்ற பிள்ளைக்கு கேட்ல நெத்தியில ஸ்கேனர் காட்டறது, முன்வாசலைப் பூட்டிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதைதான். காலேஜ் பஸ்ஸை அனுப்ப முடியாதுன்னா போகட்டும், லேப் பேட்ச்சை பத்து மணிக்கு மேல வரச் சொல்லலாமில்லைங்க. அதுக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

ஹாஸ்டல் பிள்ளைங்க கதி இன்னும் மோசம். தாராபுரத்துல இருந்தும் கூடலூர்ல இருந்தும் வந்த பையன் ஒருநாள் கிளாசுக்குப் போறான், மறுநாள் ரூம்ல நாலு பேரோட படுத்துக் கெடக்கறான், மெஸ்ல ஒரே சாம்பார் கரண்டியைப் பிடிக்கறான். மெஸ் பில்லும் முழுசா வரும். நாலு நாள் லேப் முடிச்சுட்டு ஊருக்குப் போயிட்டா இந்தத் தொல்லையே இல்லை. பாலக்காட்டுப் பக்கத்துப் பிள்ளைங்களுக்கு மட்டும் இது சிரமம்தான், அங்க கேஸ் ஏறிட்டு இருக்குது, வாளையார் செக்போஸ்ட்ல ஒவ்வொரு தடவையும் ஆர்டிபிசிஆர் ரிப்போர்ட் கேப்பாங்க. அவங்களை மாசத்துக்கு ஒருக்கா வரவெச்சு ஒரே மூச்சா பிராக்டிகல் முடிச்சு அனுப்பறதுதான் எனக்குத் தோணுது.

இதைச் சொன்னா சில பேருக்குப் புடிக்காது, ஆனாலும் சொல்றேன். இந்த ஒன்றரை வருசத்துல காலேஜ் பிள்ளைங்க எத்தனை பேரு வேலைக்குப் போனாங்கன்னு நம்ம பக்கம் எல்லாருக்கும் தெரியும். எங்க தெருவுலயே பையனுங்க திருப்பூருக்கு பனியன் கம்பெனியில கைமடிக்கும் செக்கிங்குக்கும் போறாங்க, பொண்ணுங்க ஊட்டுத் தறிக்கு நூல் தார் சுத்தறாங்க. அப்பனுக்கு வேலை போன ஊட்டுல சனிக்கிழமை சம்பளம் அந்தப் பையன்தான் கொண்டு வரான். ஒருநாள் விட்டு ஒருநாள் லீவு கேட்டா எந்த ஓனர் வெச்சுக்குவாரு? வேற ஆளைப் போட்டுக்குவாரு. நாலு நாள் போயிட்டு பத்து நாள் ஷிப்டுக்கு வரேன், சாயந்திரம் ஆன்லைன் கிளாஸ் ரெக்கார்டிங் பார்த்துக்கறேன்னா ஒத்துக்கற கம்பெனி நிறைய இருக்குது. படிக்கற பிள்ளை வேலைக்குப் போகக்கூடாதுன்னு பேசறது சுலபம்ங்க. வேலையா படிப்பான்னு இப்ப நிறுத்திக் கேட்டா பாதிப்பேரு டிசியை வாங்கிட்டுப் போயிருவாங்க, அப்புறம் அட்டென்டன்ஸ் யாருக்கு எடுக்கறது.

லேப் விசயத்துக்கு வரேன், இதுதான் எனக்குத் தெரிஞ்ச எடம். சர்க்குலர்ல லேப்புன்னு ஒரு வரிகூட இல்லைங்க. டைட்ரேசன்னு ஒரு கரைசல்ல இன்னொண்ணைச் சொட்டு சொட்டா விட்டு அளக்கும்போது, நம்ம காலேஜ்கள்ல இன்னைக்கும் சில எடத்துல பிப்பெட்ங்கற அளவுக் குழாயை வாயிலதான் உறிஞ்சறாங்க. ஒரு பேட்ச் உறிஞ்சினதை அலசி வெச்சா மத்தியானப் பேட்ச் அதையே உறிஞ்சும். மாஸ்க்கைக் கழட்டாம பிப்பெட்டை வாயில வெக்க முடியாது, கழட்டினா பக்கத்துல நிக்கறவன் மூஞ்சிக்கு நேரா மூச்சு விடணும். ரப்பர் பல்ப் வாங்கிப் போடுங்க, சல்லிசான சாமான்தான், ஒரு ஸ்கேனர் வாங்கற காசுல ஒரு லேப்புக்கே வாங்கிரலாம். அதுவும் இல்லைன்னா ஆளுக்கு ரெண்டு பியூரெட் குடுத்து பிப்பெட்டே இல்லாம அளந்துக்கலாம், நாங்களே பிப்பெட் உடைஞ்சு பத்தாக்குறையா இருந்தப்ப அப்படித்தான் ஓட்டினோம், ரீடிங் நல்லாத்தான் வரும்.

இன்னொண்ணு, சானிடைசர். அதுல முக்கால்வாசி ஆல்கஹால். கையில நல்லா தேச்சுட்டு காயறதுக்கு முன்னாடி பன்சன் பர்னர்ங்கற கேஸ் அடுப்புப் பக்கத்துல கையைக் கொண்டு போனா புடிச்சுக்கும், வெளிச்சத்துல அந்தத் தீ கண்ணுக்கே சரியாத் தெரியாது. உப்புல என்ன இருக்குதுன்னு கண்டுபிடிக்கற சால்ட் அனாலிசிஸ் பண்ற அன்னைக்கு லேப் வாசல்ல சானிடைசர் பாட்டிலை எடுத்துட்டு சோப்பை வெச்சிருங்க. பிள்ளைங்க துப்பட்டா, மாஸ்க் நாடா தொங்கறது எல்லாம் பார்க்கணும். பியூன்மாருக்கும் லேப் அசிஸ்டென்டுக்கும் இதைச் சொல்லிக் குடுக்கணும், வாத்தியார்மாருக்கு மட்டும் மீட்டிங் போட்டா பத்தாது.

மருந்து அடிக்கறதுக்குச் செலவு பண்றாங்களே, அதைப் பத்தியும் ஒரு வார்த்தை. இது காத்துல பரவுதுன்னு உலக சுகாதார நிறுவனமே இந்த ஏப்ரல் கடைசியில தெளிவா எழுதிருச்சு. பெஞ்சைத் துடைக்கறதைவிட ஜன்னலைத் திறக்கறது முக்கியம். நான் பார்த்த லேப்புல எல்லாம் பாதி ஜன்னல் பெயின்ட் ஒட்டிப் புடிச்சுத் திறக்காது, எக்ஸாஸ்ட் ஃபேன்ல குருவி கூடு கட்டியிருக்கும். திறக்கறதுக்கு முன்னாடி ஒரு கார்பென்டரையும் ஒரு எலக்ட்ரீசியனையும் கூப்பிடுங்க. ஏசி செமினார் ஹாலை இப்போதைக்குப் பூட்டியே வெக்கலாம்.

ஊசி வாத்தியார்மாருக்குப் போட்டாச்சு சரி, பிள்ளைங்களுக்கு? கோவிஷீல்டு ரெண்டு டோசுக்கு நடுவுல 84 நாள் இடைவெளி. விடியக்காலத்துல டோக்கனுக்கு நின்னு ஆகஸ்ட் நடுவுல முதல் டோஸ் போட்ட பிள்ளைக்கு அடுத்தது நவம்பர்லதான். புதுசா சேர வர்ற 17 வயசுப் பிள்ளைங்களுக்கு ஊசியே இன்னும் இல்லை. அதனால நவம்பர் வரைக்குமாச்சும் பாதி ஊசி போட்ட கூட்டம்னு நினைச்சுத்தான் திட்டம் போடணும். மே மாசக் கடைசியில கோயமுத்தூர்ல ஒரு நாளைக்கு 4,000க்கு மேல கேஸ் வந்து சென்னையையே தாண்டினோம், முதலமைச்சர் பிபிஇ கிட் போட்டுகிட்டு ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குள்ள போனாரு, அது நடந்து மூணு மாசம்தானுங்க ஆகுது.

நான் கேக்கறது இவ்வளவுதான். தியரி கிளாஸ் இன்னும் கொஞ்ச நாள் ஆன்லைன்லயே நடக்கட்டும், பிள்ளைங்களுக்கு அது பழகிருச்சு. பிராக்டிகல் இருக்கற டிபார்ட்மென்டை மட்டும் முதல்ல கூப்பிடுங்க, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், டெக்ஸ்டைல், நர்சிங்னு. ஒரு பேட்ச்சுக்கு நாலு நாள் சேர்ந்தாப்புல, காலையும் மத்தியானமும் லேப்பு. அப்படின்னா ஒரு தடவை வந்துட்டுப் போறதுல எட்டு எக்ஸ்பெரிமென்ட் முடிச்சுரலாம், வாரத்துக்கு ஒரு பீரியட்ல ஆடி அசைஞ்சு பண்றதைவிட கையும் பழகும். போன வருசம் விட்டுப்போன பர்ஸ்ட் இயர் டைட்ரேசனையும் அதுலயே சேர்த்துக்கலாம், ஏன்னா அது தெரியாம செகண்ட் இயர் லேப்புல நின்னு என்ன பண்ணுவாங்க.

எங்க பக்கத்துப் பெத்தவங்க சில பேரு சேர்ந்து காலேஜ்ல எழுதிக் குடுத்தோம், மேல இருந்து வந்த ஆர்டருன்னுதான் ஆபீஸ்ல சொல்றாங்க. முதலமைச்சர் அறிவிப்புல நான் படிச்சது சுழற்சி முறைன்னுதான். நாலு நாள் பேட்ச்சும் சுழற்சிதானுங்களே. உயர்கல்வித் துறையில யாராச்சும் இதைப் படிச்சுட்டு, அந்தந்த காலேஜ் தனக்கு ஏத்த மாதிரி பேட்ச் போட்டுக்கலாம்னு ஒரு சர்க்குலர் விட்டாப் போதும், எங்க பிரின்சிபால் மாத்திக்கறதுக்குத் தயாராத்தான் இருக்காருன்னு கேள்விப்பட்டேன்.

இப்படிக்கு,
ரிட்டயர் ஆன லேப் அசிஸ்டென்ட் ஒருத்தர்,
சோமனூர்.