தேடுபெட்டிக்குள் தொலைந்துபோகும் பாடங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழிக் கற்பித்தல் தளங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வரும் கட்டுரைகளைத் தவறாமல் படித்துவருகிறேன். ஒரு தளத்தில் எத்தனை பாடங்கள் இருக்கின்றன, எத்தனை மாணவர்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் அவை விரிவாகச் சொல்கின்றன. ஆனால் அந்தக் குவியலுக்குள்ளிருந்து நாளைக் காலை வகுப்புக்குத் தேவையான ஒரு பாடத்தை ஆசிரியர் எப்படிக் கண்டெடுக்கிறார், கண்டெடுத்ததை யாருக்கு, எந்த வடிவில், எந்தக் கெடுவோடு ஒதுக்குகிறார் என்பதைப் பற்றி அவற்றில் ஒரு வரிகூட இல்லை. கணிதம் கற்பிக்கும் எனக்கு மாலை நேரத்தில் பெரும்பகுதியை விழுங்குபவை இந்த இரண்டு காரியங்கள்தாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

தமிழில் பாடம் தேடுவதில் உள்ள தனிச் சிக்கல், தேடுபெட்டியை வடிவமைத்தவர்களின் கண்ணில் பட்டதாகவே தெரியவில்லை. நான் பயன்படுத்தும் தளத்தில் 'பின்னம்' என்று தட்டச்சு செய்தால், தலைப்பில் அதே சொல் அப்படியே உள்ள பாடங்கள் மட்டும் வருகின்றன. 'பின்னங்களைக் கூட்டுதல்' வருவதில்லை. மகர மெய் ஙகர மெய்யாகத் திரிந்துவிட்டதால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரத்துக்கு அது வேறு சொல். 'பின்னத்தை', 'பின்னக் கணக்கு' ஆகியவற்றின் கதியும் அதுவே. வேற்றுமை உருபையும் சந்தியையும் பிரித்தறிய நிரல் எழுதாத தளத்தில், 'பின்ன' என்று பாதிச் சொல்லோடு நிறுத்தித் தேடினால் எல்லாம் வந்துவிடும் என்பதை நான் கண்டறிய ஒரு பருவம் முழுவதும் ஆயிற்று. (கூடவே பின்னல் வேலைப் பாடம் ஒன்றும் வந்து நின்றது; அது கிடக்கட்டும்.)

அறிவியல் ஆசிரியர்களுக்கு இன்னொரு தொல்லை. ஒரே பொருளைத் தமிழ்நாட்டுப் பாடநூல் 'ஒளிச்சேர்க்கை' என்கிறது, இலங்கைப் பாடநூல் 'ஒளித்தொகுப்பு' என்கிறது. வேதியியலும் இரசாயனவியலும் அப்படித்தான். இரண்டு இடத்து ஆசிரியர்களும் அரும்பாடுபட்டுச் செய்த நல்ல பாடங்கள், ஒருவர் கண்ணில் மற்றவருடையது படாமலே ஒரே தளத்தில் கிடக்கின்றன. இதற்குத் தேவைப்படுவது ஓர் இணைச்சொல் பட்டியல் மட்டுமே. எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையாகிய யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான பழைய பி.டி.எஃப். கோப்புகளோ இன்னும் பரிதாபம். திறந்தால் தமிழாகத் தெரிகின்ற அந்தப் பக்கங்கள், தேடும் இயந்திரத்துக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை.

ஒரு பாடத்தின் மேல் என்ன விவரச்சீட்டு ஒட்டப்பட வேண்டும் என்பது புதிய கேள்வி அன்று. ஐ.ட்ரிபிள்.ஈ. (IEEE) என்ற பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பு 2002ஆம் ஆண்டு வெளியிட்ட கற்றல் பொருள் மேல்தரவுத் தரநிலையிலேயே, மாணவரின் வயது வரம்பு, கடினத்தன்மை, கற்க ஆகும் நேரம் ஆகியவற்றுக்குத் தனித்தனி இடங்கள் வகுக்கப்பட்டுள்ளன. அந்த இடங்களை நிரப்பத்தான் ஆள் இல்லை. பதிவேற்றுகிறவர் அவசரத்தில் 'கணிதம்', 'ஆறாம் வகுப்பு' என்று இரண்டைத் தேர்ந்துவிட்டு எழுந்துபோகிறார். தேடுகிற நான் ஒன்பது காணொலிகளைத் திறந்து திறந்து மூடுகிறேன். அதற்குள் இரவாகிவிடுவதால், பத்தாவதாகத் திறந்ததை முதல் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு 'ஒதுக்கு' என்ற பொத்தானை அழுத்துகிறேன்.

அப்படி அழுத்தியதன் விளைவை ஒருமுறை நன்றாகவே அனுபவித்தேன். பகுதி, அதாவது கீழ் எண், வேறுபடும் வேற்றினப் பின்னங்களைக் கூட்டுவதற்கு, பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கைக் கண்டுபிடிக்கும் முறையை வகுப்பில் நடத்தியிருந்தேன். நான் ஒதுக்கிய பாடமோ, ஏழாவது நிமிடத்துக்குப் பிறகு, பகுதிகளை ஒன்றோடொன்று பெருக்கும் முறைக்கு மாறிவிட்டது. 1/4, 1/6 இரண்டையும் கூட்டி 10/24 என்று எழுதியபின், அதை 5/12 என்று சுருக்கும் படி திரையில் ஒரு நொடி தோன்றி மறைந்தது. தொடர்ந்து வந்த பயிற்சியில் வகுப்பில் பாதிப் பேர் 10/24 என்று விடையளித்தார்கள். தளம் சிவப்பு நிறத்தில் 'தவறு' என்றது. மறுநாள் ஒரு மாணவி குறிப்பேட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் விரித்து வைத்தாள். வலப்பக்கம் நான் சொன்ன முறை, இடப்பக்கம் காணொலி சொன்ன முறை, கீழே, "எது சரி, மிஸ்?" என்று பென்சிலில் எழுதியிருந்தாள். இரண்டும் சரி என்று அவளுக்கு விளக்க அந்தப் பாடவேளை முழுவதும் போயிற்று. தவறு தளத்தினுடையது அன்று, கடைசிவரை பாராமல் ஒதுக்கிய என்னுடையது. ஆனால் கடைசிவரை பார்ப்பதற்கான நேரத்தைத் தேடலே தின்றுவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒதுக்குவதில் உள்ள நுணுக்கங்களையும் யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு பணித்தாளை இணைக்கும்போது, மாணவர்கள் அதைப் பார்க்க மட்டும் முடியுமா, எல்லாரும் ஒரே தாளில் எழுதலாமா, ஆளுக்கொரு நகல் போகுமா என்று தளம் கேட்கிறது. சிறிய எழுத்தில் இருக்கும் அந்தக் கேள்விக்கு, தொடக்க நாள்களில் நான் தவறான விடையைத் தேர்ந்துவிட்டேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே தாளுக்குள் இறங்கி, ஒருவர் விடையை மற்றவர் அழித்து, கடைசியில் மூன்றாம் கேள்விக்குக் கீழே யாரோ வரைந்த பூனைப் படம் மட்டும் மிஞ்சியது. வெளியிட்ட பிறகு அந்த அமைப்பை மாற்ற முடியாது என்பதால், எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் புதிதாக ஒதுக்க வேண்டியதாயிற்று. கெடு நேரமும் அப்படியே. தேதியை மட்டும் குறித்து நேரத்தைக் குறிக்காமல் விட்டால், தளம் தானாகவே இரவு 11.59 என்று போட்டுக்கொள்கிறது. ஒன்பது மணிக்கு உறங்க வேண்டிய பிள்ளை நள்ளிரவுவரை விழித்திருப்பதற்கு நாம் காரணமாகிறோம்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தலாக இருப்பது, 'அனைத்து மாணவர்களும்' என்பது முன்கூட்டியே தேர்வாகி நிற்பதுதான். பெருக்கல் வாய்ப்பாட்டில் தடுமாறும் ஐந்து பேருக்கு ஒரு பாடமும், வகுப்பை முந்திக்கொண்டு ஓடும் நான்கு பேருக்கு வேறொரு பாடமும் தர முடியும் என்பதே இந்தத் தளங்களின் தனிச்சிறப்பு; கரும்பலகையால் அதைச் செய்ய முடியாது. ஆனால் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேர்வுசெய்ய வேண்டியிருப்பதால், சோர்ந்துபோன கை முன்தேர்வை அப்படியே விட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு, எத்தனை பாடங்கள் ஒதுக்கினோம் என்று மாத முடிவில் நிர்வாகம் கணக்குக் கேட்கிறது. யாருக்காகத் தேர்ந்தோம் என்று கேட்பதில்லை. எண்ணிக்கை கேட்கப்படும் இடத்தில் எண்ணிக்கைதான் விளையும். ஆசிரியர் அறையில், "அசைன் பண்ணியாச்சா?" என்ற கேள்வி தினமும் என் காதில் விழுகிறது. "பாத்தாச்சா?" என்று யாரும் யாரையும் கேட்டு நான் கேட்டதில்லை.

தளங்களை உருவாக்குவோரிடம் கேட்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒதுக்கும் முன் அந்தப் பாடம் மாணவர் திரையில் எப்படித் தெரியும் என்பதை ஆசிரியருக்குக் காட்ட வேண்டும். 2002ஆம் ஆண்டிலேயே வெளிவந்த மூடில் என்ற, இணையவழிக் கற்பித்தலுக்கான கட்டற்ற மென்பொருளில், ஆசிரியர் தம் பொறுப்பை மாணவராக மாற்றிக்கொண்டு பார்க்கலாம். ஒரு பாடத்தை முடித்தால்தான் அடுத்தது திறக்கும் என்று நிபந்தனையும் வைக்கலாம். ஆகவே இவை செய்ய முடியாத காரியங்கள் அல்ல. முன்தேர்வாக 'அனைவரும்' என்பதற்குப் பதில் வெற்றிடத்தை வைத்தாலே, அழுத்தும் விரல் ஒரு கணம் நின்று யோசிக்கும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. புதிய தளங்களின் அறிமுகத்துக்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு சிறு பத்தியை, வகுப்பில் ஒரு பாடத்தைப் பயன்படுத்திப் பார்த்த ஆசிரியர்களுக்கு வாரந்தோறும் கொடுங்கள். பாடத்தின் சரியான தலைப்பு, எந்தச் சொல்லைத் தட்டினால் அது கிடைக்கும், எத்தனை நிமிடம் ஓடும், அதற்குமுன் மாணவருக்கு எது தெரிந்திருக்க வேண்டும், எந்த இடத்தில் பிள்ளைகள் இடறினார்கள் என்று பத்து வரி போதும். பின்னங்களுக்கான முதல் குறிப்பை, ஏழாவது நிமிடத்தையும் சேர்த்து, எழுதி அனுப்ப நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்