பழைய கணினியை எடைக்குப் போடும் முன்...

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்த பிறகு, எங்கள் பக்கத்தில் பழைய கணினிகளை எடைக்குப் போடுவது அதிகமாகிவிட்டது. நான் 1998 முதல் பாளையங்கோட்டையில் டி.டி.பி. (கணினியில் அச்சுக்கோத்துப் பக்கம் அமைக்கும்) வேலை பார்த்துவருகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் எல்லாம் செய்திருக்கிறேன். அந்தப் பெட்டிகளோடு சேர்ந்து பழைய தமிழ் எழுத்துருக்களும் (ஃபான்ட்) போகின்றன என்று தெரிந்ததால்தான் இந்தக் கடிதம்.

போன மார்கழியில் ஒரு தம்பி சி.டி. ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். உறையில் என் கையெழுத்து. அவருடைய ஆச்சி போடும் கோலங்களை 2002-ல் கோரல் டிரா என்ற படம் வரையும் மென்பொருளில் நான்தான் வரைந்து கொடுத்திருந்தேன். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் புள்ளி வைத்துக் காட்டுவார்கள். நான் மவுஸைப் பிடித்துக் கோடு இழுப்பேன். ஒரு சுழி தப்பினாலும் "இல்ல தாயி, அது அந்தப் பக்கம் திரும்பணும்" என்பார்கள். மொத்தம் 84 கோலம். இப்போது ஆச்சி இல்லை.

பேரனின் கணினியில் அந்த 84 கோப்புகளும் வெறும் வெள்ளைத் தாள் படமாக நின்றன. சொடுக்கினால் எந்த நிரலில் திறக்க வேண்டும் என்று கேட்டதாம். ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அங்கே திருட்டு கோரல் டிரா ஒன்றைப் போட்டுவிட, கூடவே வைரஸும் வந்து கணினியையே ஃபார்மேட் செய்ய வேண்டியதாகிவிட்டது. பழைய கோப்பைத் திறக்கப் போய் இப்படி மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

என்னிடம் இருந்த 90-களின் படம் பார்க்கும் மென்பொருள் ஒன்றை முதலில் போட்டுப் பார்த்தேன். நிறுவும்போதே நின்றுவிட்டது. இப்போது பெரும்பாலான கணினிகளில் இருப்பது 64 பிட் விண்டோஸ். அதில் மிகப் பழைய 16 பிட் நிரல்கள் ஓடாது. அந்தக் காலத்து மென்பொருள்கள் சில 32 பிட்டாக இருந்தாலும், அவற்றை நிறுவும் நிரல் மட்டும் 16 பிட்டில் இருக்கும். சி.டி. கெட்டுவிட்டதோ, கணினி சரியில்லையோ என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே இல்லை.

அடுத்து கோப்பு ஒன்றை நோட்பேடில் திறந்தேன். புரியாத குறிகளுக்கு நடுவே ஆரம்பத்திலேயே 'சி.டி.ஆர். 9' என்பதற்கான எழுத்துகள் தெரிந்தன. ஆக, கோரல் டிராவின் 9-ஆம் பதிப்பில் செய்த கோப்பு. அப்புறம் லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி நிறுவினேன். அது இலவசம். 2012 முதல் கோரல் டிரா கோப்புகளையும், 2015 முதல் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் கோப்புகளையும் அது திறக்கிறது. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளிலும் கோரல் கோப்புகளைத் திறக்கலாம். காசும் வேண்டாம், திருட்டும் வேண்டாம்.

முதல் கோலம் திறந்தது. 15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை. ஒரு வளைவுகூடப் பிசகவில்லை. ஆனால் கீழே 'தாமிரபரணிச் சுழி' என்று ஆச்சி வைத்த பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தொப்பி போட்ட ஆங்கில எழுத்துகள். துணைக்கால் வர வேண்டிய இடத்தில் பவுன் குறி (£). அந்தத் தம்பி முகம் வாடிப்போய்விட்டது.

காரணம் இதுதான். அப்போது ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தமிழுக்குத் தன் போக்கில் ஒரு குறியீடு, அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற கணக்கு, வைத்திருந்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு பொதுக் குறியீடுகளை அறிவித்தது. 2010-ல்தான் ஒருங்குறி (யூனிகோட்) அரசின் தரமானது. இடைப்பட்ட காலத்தில் நாங்கள் அடித்ததெல்லாம் அந்தந்த எழுத்துருவோடு பிணைந்து கிடக்கிறது. கோப்பில் எழுத்துருவின் பெயர் இருக்கும், பெரும்பாலும் எழுத்துரு இருக்காது.

நல்லவேளையாக, 2009-ல் பழைய கணினியைக் கொடுக்கும்போது அதிலிருந்த ஃபான்ட்ஸ் கோப்புறையை அப்படியே ஒரு சி.டி.யில் எடுத்து வைத்திருந்தேன். அதிலிருந்து எழுத்துருவை நிறுவிவிட்டுக் கோப்பைத் திரும்பத் திறந்தேன். பெயர் வந்துவிட்டது. தம்பி திரையைத் தொட்டுப் பார்த்தார். எல்லாவற்றையும் பி.டி.எஃப்.பாக மாற்றிக் கொடுத்தேன். அதில் எழுத்துரு உள்ளேயே இருக்கும், எந்தக் கணினியிலும் பார்க்கலாம். ஆனால் தேடினால் கிடைக்காது, நகலெடுத்தால் மறுபடி பவுன் குறிதான் வரும். அதனால் பெயர்களை ஒருங்குறியில் தனியே தட்டச்சு செய்தும் கொடுத்தேன்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படங்களையும் கோப்புகளையும் எல்லோரும் பத்திரமாக எடுத்துக்கொள்கிறார்கள். எழுத்துருவை யாரும் எடுப்பதில்லை. பழைய கணினியைக் கொடுக்கும் முன் சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

தமிழ் இணையக் கல்விக்கழகம் ஒருங்குறி எழுத்துருக்களை இலவசமாகத் தருகிறது. பழைய டாம், டாப் எழுத்துருக்களையும் உரியவர்களின் அனுமதி பெற்று அங்கேயே திரட்டி வைக்க வேண்டும். பாளையங்கோட்டையில் இருக்கும் மாவட்ட மைய நூலகத்தில் இந்த எழுத்துருக்களும் இலவச மென்பொருள்களும் நிறுவிய ஒரே ஒரு கணினி இருந்தால், கோயில் மலரும் சிற்றிதழும் வைத்திருப்பவர்கள் தாங்களே வந்து திறந்துகொள்வார்கள்.

அந்த 84-ல் மூன்று கோலங்களின் பெயர் மட்டும் இன்னும் வரவில்லை. அவற்றுக்கு வேறொரு எழுத்துருவைப் பயன்படுத்தியிருக்கிறேன். அது என் சி.டி.யில் இல்லை. அதை விற்ற கடையும் இப்போது இல்லை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் 2002 வாக்கில் டி.டி.பி. செய்தவர்கள் யாராவது பழைய கணினியை இன்னும் பரணில் வைத்திருந்தால், தயவுசெய்து ஒருமுறை அதைப் போட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
டி.டி.பி. பணியாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை