உயிர்வேதியியல் படிக்கிற மகளுக்கு

மக்ளே,

போன் பண்ணினால் "சாப்பிட்டேம்மா, கிளாஸ் இருக்கு, வைக்கட்டா" என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். நீளமாக இருக்கிறதென்று பாதியில் விட்டுவிடாதே. தம்பி என்னிடம் எதுவும் சொல்லவில்லை, அவனைத் திட்டாதே.

இங்கே விடாமல் மழை, அப்பாவுக்கு ரப்பர் வெட்டு இல்லை. மார்த்தாண்டத்து மாமா வந்திருந்தார். அதே பேச்சுதான், நீட் கிடைக்காத பிள்ளைகள் எடுக்கிற கோர்ஸ், எல்லாம் மனப்பாடம்தானே என்று. எனக்குப் பொறுக்கவில்லை. ஜி.என். ராமச்சந்திரன் பிசிக்ஸ்காரர், மெட்ராஸ் யுனிவர்சிட்டியில் இருந்துகொண்டு தோலிலும் எலும்பிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதத்துக்கு 1954-ல் மூன்று இழை முறுக்கு அமைப்பைச் சொன்னார், புரதச் சங்கிலி எப்படியெல்லாம் வளையலாம் என்று 1963-ல் அவர் போட்ட வரைபடத்தை இன்றைக்கும் என் மகள் படிக்கிறாள், அதில் எங்கே மனப்பாடம் என்று கேட்டேன். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நீயும் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

எது கஷ்டமான மேஜர் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் படித்த பாட்டனியில் செடிகளைப் பிரிக்கிற பெந்தம்-ஹூக்கர் வகைப்பாடு, குடும்பம் குடும்பமாக லத்தீன் பெயர், எல்லாம் தலையில் நிற்கவேண்டும். ஆனால் கையில் பூ இருந்தது, பிளந்து சூலகம் மேலா கீழா என்று பார்த்துக்கொள்ளலாம். சித்தி படித்த மைக்ரோபயாலஜியில் பாக்டீரியாவை இனம்பிரிக்க கிராம் சாயம் போடும்போது ஆல்கஹால் சில நொடி கூடுதலாக நின்றால் போதும், ஊதாவாகத் தெரியவேண்டியது வெளுத்துப்போய் கடைசியில் சிவப்பாக நிற்கும். பாக்டீரியா வளர்க்கப் பிளேட் போட்டு ராத்திரி முழுக்கக் காத்திருந்து காலையில் திறந்தால் பூஞ்சை பிடித்திருக்கும். அவள் அழுதுகொண்டே பஸ் ஏறி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவளையும் ஊரில் ஈஸியான கோர்ஸ் படிக்கிறாள் என்றுதான் சொன்னார்கள்.

உன்னுடையதில் கண்ணால் பார்க்க ஒன்றும் கிடையாது, எல்லாம் அம்புக்குறியும் பெயரும்தான். பயாலஜியில் நல்ல மார்க் எடுத்த பிள்ளைகள் முதல் வருஷத்தில் தடுமாறுவது பெரும்பாலும் பயாலஜியால் அல்ல, கெமிஸ்ட்ரியால்தான். ஆகவே கோர்ஸின் பேரை வைத்தோ பக்கத்து ரூம் பிள்ளையின் மார்க்கை வைத்தோ அதை எடைபோடாதே. எந்தப் பேப்பர் எதைக் கேட்கிறது, அதில் உனக்கு அடித்தளம் இருக்கிறதா, லேபும் ரெக்கார்டும் போக உனக்கு எத்தனை மணி நேரம் மிச்சம், இதைப் பார்.

செல்லுக்குள் குளுக்கோஸ் படிப்படியாக உடைகிற கிளைக்கோலிசிஸை வரிசையாக ஒப்பிக்காதே. கணக்கு எழுதுவது போலப் படி. பத்து படியில் முதல் படியிலும் மூன்றாவதிலும் ஏடிபி, அதாவது செல்லின் ஆற்றல் காசு, செலவு, ஏழாவதிலும் பத்தாவதிலும் வரவு, இரண்டு போட்டு நான்கு எடுக்கிறது, மிச்சம் இரண்டு. தினமும் ராத்திரி ஒரு வெறுந்தாளில் புத்தகம் பார்க்காமல் வரை. தப்பினால் மறுநாள் மறுபடி வரை. சாப்பிட்டுவிட்டு வரை, பட்டினியோடு உட்காராதே.

நீதான் பிடிவாதம் பிடித்து இதை எடுத்தாய். நாகர்கோவிலிலேயே பாட்டனி படி, ஞாயிறுதோறும் வீட்டுக்கு வரலாம் என்று எவ்வளவு சொன்னேன், காதில் வாங்கினாயா? ஆனால் ஷீட் அடிக்கிற இடத்தில் அப்பா ரப்பர் பாலில் ஆசிட் விடும்போது குனிந்து பார்த்துக்கொண்டே, இது ஏன்ப்பா உறையுது என்று விடாமல் கேட்டவளும் நீதான். ரப்பர் துகள்களின் மேலே இருக்கிற புரதப் போர்வையின் மின்னூட்டத்தால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன, ஆசிட் அதைப் போக்கிவிட்டால் சேர்ந்து கட்டியாகிவிடும் என்று நான் சொன்னதும், அப்போ சோறு சாப்பிட்டா வயித்துக்குள்ள என்னம்மா நடக்குது என்று அடுத்த கேள்வி. எத்தனையோ வருஷம் பிளஸ் டூவுக்குப் பாடம் எடுத்தவள் நான், அப்படிக் கேட்ட பிள்ளைகள் ரொம்பக் குறைவு. பொருத்தம் இல்லாத இடத்துக்கு நீ போகவில்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரிசல்ட் வந்துவிட்டதென்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. பொதுவாகச் சொல்கிறேன், ஒரு பேப்பர் நின்றுபோனால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம், அதற்காக யாரும் சாப்பாட்டை விடவேண்டியதில்லை, போனை அணைத்துப் போடவேண்டியதில்லை. அப்பா உன் குரலைக் கேட்கத்தான் பத்து மணி வரை விழித்திருக்கிறார், விடியுமுன்னே எழும்புகிற மனுஷன்.

சித்தப்பாவிடம் பேசிவிட்டேன். சனி, ஞாயிறு ராத்திரி ஏழு மணிக்குமேல் வீடியோ காலில் கெமிஸ்ட்ரி சொல்லித்தருவார், மார்க் என்ன என்று அவரும் கேட்கமாட்டார். எந்தப் பாடம் புரியவில்லை என்று நோட்டின் அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பு. மட்டிப்பழமும் ஏத்தங்காய் சிப்ஸும் வெள்ளிக்கிழமை பார்சல் போடுகிறேன், பழம் கனிந்துவிடும், வந்தவுடன் வாங்கிக்கொள்.

அம்மா