பஹாமாஸ் சுற்றுலா அமைச்சகத்துக்கு: மேளக்காரருக்கும் சம்பளம் போடுங்கள்

பஹாமாஸ் சுற்றுலா அமைச்சகத்தில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். தமிழில் எழுதிய மடலை உங்கள் தலைநகரான நசாவில் யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டால் நியாயமான கேள்விதான். ஆனால் உங்கள் துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்களில் பயணிகளாக வரும் தமிழர்களும் உண்டு, அதே கப்பல்களில் வேலை பார்க்கிற தமிழர்களும் உண்டு. அவர்களில் யாராவது இதைப் படித்துவிட்டு, கரையிறங்கும்போது உங்கள் ஆட்களிடம் நாலு கேள்வி கேட்டால் எனக்கு அதுவே போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். சுமார் 4 லட்சம் பேர் வாழும் உங்கள் நாட்டுக்கு 2024-ல் வந்துபோனவர்கள் 1 கோடிக்கும் மேல். அவர்களைக் கூப்பிடும்போது கடலைக் காட்டுகிறீர்கள், மணலைக் காட்டுகிறீர்கள், கூடவே உங்கள் தெரு ஊர்வலத் திருவிழாவான ஜன்கனூவின் மேளத்தையும் காட்டுகிறீர்கள். அந்த மேளத்தை அடிப்பவர் மற்ற நாட்களில் என்ன வேலை பார்த்துச் சாப்பிடுகிறார்? நான் கேட்க வந்தது இதைத்தான்.

கிதார்காரர் ஜோசப் ஸ்பென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1910-ல் ஆண்ட்ரோஸ் தீவில் பிறந்தவர். கடற்பஞ்சு எடுக்கப் போனார், கல் வேலை செய்தார், தச்சு வேலை செய்தார், 1940-களில் அமெரிக்கப் பண்ணைகளுக்கு அறுவடைக் கூலியாகவும் போய்வந்தார். 1958-ல் சாமுவேல் சார்ட்டர்ஸ் என்ற அமெரிக்கர் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஆண்ட்ரோஸின் ஃப்ரெஷ் கிரீக் பக்கம் வந்தபோது, வீடு கட்டிக்கொண்டிருந்த ஆட்களுக்காக ஒருவர் கிதார் வாசிப்பதைக் கேட்டு, இது ஒருவர் வாசிப்பாக இருக்காது, பக்கத்தில் இன்னொருவர் எங்கோ உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்து எட்டிப் பார்த்தாராம். அந்தப் பதிவைக் கேட்டால் அவர் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை என்று உங்களுக்கும் தோன்றும். கீழ்த் தந்தியைச் சுருதி இறக்கி வைத்துக்கொண்டு கட்டைவிரல் ஒரு வழியில் நடக்க, மற்ற விரல்கள் வேறொரு தாளத்தில் அதோடு சண்டை போட, நடுவில் இவர் பாதி வார்த்தையை விழுங்கி, உறுமி, முனகி, திடீரென்று சிரித்து... பாடுவது என்னவோ சர்ச்சில் பாடும் பக்திப் பாட்டுதான்! எனக்குத் தெரிந்த கிதார் வாசிப்பவர்கள் பலர் இவரைப் போல வாசித்துப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

அந்தப் பதிவுகள் அமெரிக்காவில் இசைத்தட்டாக வந்தன. ரை கூடர், தாஜ் மஹால் போன்ற அமெரிக்க இசைக்கலைஞர்கள் அவரிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். 1965-ல் ஸ்பென்ஸும் அவர் சகோதரி எடித் பிண்டரின் குடும்பமும் சேர்ந்து பாடிய ஒரு பக்திப் பாட்டை, கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு தன் கச்சேரிகளை முடிக்கும் பாட்டாகப் பல வருடம் பாடியது. சரி, ஸ்பென்ஸ்? வெளிநாட்டு மேடைகளுக்குச் சில முறை போய்வந்தார், மற்றபடி நசாவில்தான் இருந்தார், 1984-ல் இறந்தார். உலகமெங்கும் கிதார்காரர்கள் படித்துப் பார்க்கும் ஒரு கை, வயிற்றுப்பாட்டுக்குச் செங்கல்லையும் உளியையும் நம்ப வேண்டியிருந்தது. கல் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டில் எதற்குக் கூலி கிடைத்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

"அது பழைய காலம், அப்போது நாடே ஏழை" என்பீர்கள். பழைய காலத்தில் ஹோட்டல்கள் இருந்தனவே! இனாகுவா தீவில் பிறந்த பிளேக் அல்ஃபோன்ஸோ ஹிக்ஸ், எல்லாரும் பிளைண்ட் பிளேக் என்று அழைத்தவர், நசாவின் ராயல் விக்டோரியா ஹோட்டலில் வருடக்கணக்காக பாஞ்சோவோடு பாடியவர். (அதே பெயரில் அமெரிக்காவில் இன்னொரு கிதார்காரர் இருந்ததால் இன்றும் இணையத்தில் இருவரையும் போட்டுக் குழப்புகிறார்கள். உங்கள் அமைச்சகம் ஒரு நல்ல பக்கம் எழுதிப் போட்டாலே இது தீரும்.) 1929-ல் மூன்று நாள் நகராமல் நின்று அடித்த புயலில் படகு மூழ்கிய கதையை அவர் பாடியது, அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்கள் பலர் வாய்க்குப் போனது. அந்த ஹோட்டல் காலத்திலும் ஒரு கசப்பு உண்டு: 1956 வரை நசாவின் பெரிய ஹோட்டல்களில் கறுப்பினத்தவர் மேடையில் வாசிக்கலாம், வேலை செய்யலாம், விருந்தாளியாக அறை எடுக்க முடியாது. அதனால் குன்றுக்கு அந்தப் பக்கம், 'ஓவர் தி ஹில்' என்கிற பகுதியில், ஃப்ரெடி மன்னிங்ஸின் கேட் அண்ட் ஃபிடில் போன்ற கிளப்புகள் வளர்ந்தன. ஹோட்டலில் வேலை முடித்த வாத்தியக்காரர்கள் அங்கே போய் தங்களுக்குப் பிடித்ததை வாசித்தார்கள். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளும் டாக்ஸி பிடித்து அங்கே வந்தார்கள். உங்கள் துறை இன்று 'உண்மையான அனுபவம்' என்று விற்கப் பார்ப்பது, அன்றைக்கு யாரும் திட்டம் போடாமலே நடந்தது.

அந்தக் கிளப்புகள் இருந்ததால்தான் ராத்திரிதோறும் வாசித்துக் கைதேறிய இசைக்குழுக்கள் இருந்தன. 1971-ல் தி பிகினிங் ஆஃப் தி எண்ட் என்ற நசாவ் குழுவின் ஒரு பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 15-ஆம் இடம் வரை போனது. ஜன்கனூ தாளத்தை ஃபங்க் இசையில் கலந்த பாட்டு அது. பாஹா மென் என்ற உங்கள் ஊர்க் குழுவின் கதை எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம், ஆனால் 2000-ல் வந்த 'ஹூ லெட் தி டாக்ஸ் அவுட்' என்ற அந்த நாய்ப் பாட்டு மட்டும்தான் தெரியும், அதுவும் ட்ரினிடாட்காரர் ஆன்ஸ்லம் டக்ளஸ் முதலில் பாடியது. அந்தக் குழு 1977-லேயே ஹை வோல்டேஜ் என்ற பெயரில் தொடங்கிவிட்டது. கிராமி வாங்க 2001 வரை ஆனது. அந்த இடைப்பட்ட காலத்தில் ஒரு குழு கலையாமல் இருக்க வேண்டுமென்றால் உள்ளூரில் வாசிக்க மேடை வேண்டும், வாசித்தால் பணம் வேண்டும். இன்று ஓர் இருபது வயதுப் பையன் நசாவில் குழு தொடங்கினால் அத்தனை வருடம் எதை வைத்துத் தாக்குப்பிடிப்பான்?

அதே 1977-ல் நசாவில் காம்பஸ் பாயிண்ட் ஒலிப்பதிவுக் கூடம் திறந்தது. ஏசி/டிசி ராக் குழுவினர் 1980-ல் அங்கே வந்துதான் 'பேக் இன் பிளாக்' என்ற தங்கள் பெரிய ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். கிரேஸ் ஜோன்ஸ் வந்தார், டாக்கிங் ஹெட்ஸ் வந்தார்கள். அந்தக் கூடத்துக்கென்று இருந்த வாத்தியக் குழுவின் முக்கிய ஆட்கள் ஜமைக்கா, பிரிட்டன், பிரான்ஸ் என்று வெளியிலிருந்து வந்தவர்கள். உலகத்தரக் கூடம் வீட்டு வாசலில் இருந்தும் உள்ளூர் வாத்தியக்காரருக்கு அதில் பெரிய பங்கு இல்லை. 2010-ல் அதுவும் மூடிவிட்டது.

ஊரை விட்டுப் போய்ப் பெயர் எடுத்தவர்களும் உண்டு. கேட் தீவில் பிறந்த டோனி மெக்கே, கட்டடக்கலை படிக்க நியூயார்க் போய், அங்கே எக்ஸூமா என்ற பெயரில் 1970-ல் ஆல்பம் போட்டார். அமெரிக்கப் பாடகி நீனா சிமோன் அவர் பாட்டுகளை எடுத்துப் பாடினார். அப்படிப்பட்ட ஆள் உங்கள் ஊர்க்காரர் என்பது உங்கள் கடற்கரைக்கு வரும் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜன்கனூவை யுனெஸ்கோ 2023-ல் தன் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சி. ஆனால் மாதக்கணக்காக அட்டையும் க்ரேப் காகிதமும் ஒட்டி, ஆட்டுத்தோல் மேளத்தை நெருப்பில் காட்டி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அதிகாலையில் நசாவின் பே ஸ்ட்ரீட்டில் ஆடுபவர்களில் பெரும்பாலோருக்கு அது பிழைப்பு இல்லை. ஆசைக்குச் செய்வது. ஆசைக்குச் செய்கிறார்கள் என்பதால் சும்மா வாங்கிக்கொள்ளலாம் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

ஹோட்டல்களில் நேரடி இசை குறைந்து, டிஜேவும் பதிவு செய்த பாட்டும் வந்துவிட்டன என்று உங்கள் ஊர் இசைக்காரர்களே பல வருடமாகப் புலம்புகிறார்கள். உங்களால் என்ன செய்ய முடியும் என்று கையை விரிக்காதீர்கள். ஹோட்டல் ஊக்குவிப்புச் சட்டத்தின் கீழ் ஹோட்டல் கட்டுபவர்களுக்குச் சுங்க வரிச் சலுகை கொடுக்கிறீர்கள். இது அரசு விட்டுக்கொடுக்கும் பணம். கொடுக்கிற கைக்கு ஒரு நிபந்தனை போடவும் உரிமை உண்டு: வாரத்தில் இத்தனை இரவு பஹாமாஸ் கலைஞர்களின் நேரடி இசை, தொழிற்சங்கத்தோடு பேசி முடிவு செய்த கூலி, மாதக் கடைசியில் கணக்கு. தனித் தீவை எடுத்துக்கொண்டு பயணிகளை நேராக அங்கே இறக்கும் கப்பல் நிறுவனங்களுக்கும் இதே விதி வேண்டும், ஏனென்றால் அங்கே இறங்குபவர் நசாவின் ஒரு தெருவைக்கூடப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்.

அப்புறம், ரேக் அண்ட் ஸ்க்ரேப் என்கிற உங்கள் நாட்டுப்புற இசை. ரம்பத்தை வளைத்துச் சுரண்டித் தாளம் போடும் பெரியவர்கள் கேட் தீவில் இருக்கும்போதே பள்ளிப் பிள்ளைகள் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு ஒரு திருவிழா நடத்துவது நல்லதுதான், திருவிழா முடிந்த மறுநாளுக்கும் அந்த ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. பிளைண்ட் பிளேக் கடைசிக் காலத்தில் நசாவ் விமான நிலையத்தில் வந்திறங்குபவர்களுக்காக வாசித்துக்கொண்டிருந்தார், 1986-ல் அவர் இறக்கும் கொஞ்ச காலம் முன்பு வரைக்கும். முதலில் அங்கே தொடங்குங்கள். நாளுக்கு இரண்டு குழு, மாதச் சம்பளம், பக்கத்தில் ஒரு பலகையில் வாசிப்பவர்களின் பெயர்.

இப்படிக்கு,
ஸ்பென்ஸின் கிதாரை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவன்